மானியம் கிடைக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கொழும்பிலும் அதைச் சுற்றியும் இயங்கும் சிறிய அமைப்புகளுக்காக இதை எழுதுகிறேன். மாதர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு, முன்பள்ளி நடத்தும் குழு, நகரத்துத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான வரிசைக் குடியிருப்புகளில், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைக்கும் இளைஞர்கள் என யாராகவும் இருக்கலாம். முன்மொழிவு எழுத உதவி கேட்டு வருபவர்களோடு பல வருடங்களாக உட்கார்ந்து வேலை செய்கிறேன். ‘எங்களுக்கு நிதி தர யாருமே இல்லை’ என்றுதான் பலரும் பேச்சைத் தொடங்குவார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் பழுது வேறெங்கோ இருக்கும். மூன்று வருடமாகக் கணக்காய்வு நடந்திருக்காது. சான்றிதழில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயரும் இருக்கும். கட்டடத்துக்கு மட்டும் நிதி தருபவரிடம் சம்பளத்துக்குப் பணம் கேட்டிருப்பார்கள். இவை எல்லாம் திருத்தக்கூடியவை.

உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில் வரும். மேலிருந்து கீழாகவே சோதியுங்கள். முதல் காரணத்தைப் பார்க்காமல் நேரே சட்டத்தரணியிடம் போய்ப் பணத்தைக் கொட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு கோப்பு

பதிவுச் சான்றிதழ், யாப்பு (அமைப்பின் நோக்கங்களும் விதிகளும்), கடைசி ஆண்டுப் பொதுக் கூட்டத்தின் அறிக்கை, நிர்வாக சபையினரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், கடைசி மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கைகள், வங்கிக் கூற்று, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி இலக்கம் (டின்), இதுவரை செய்த வேலைகளின் பட்டியல். இவற்றை ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வையுங்கள். எது இல்லையோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். கீழே வரும் அறிகுறிகள் பலவற்றுக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

## அறிகுறி 1: எவ்வளவு தேடினாலும் பொருத்தமான அழைப்பு கண்ணில் படவில்லை

அழைப்பு என்பது, விண்ணப்பம் அனுப்பச் சொல்லி நிதி கொடுப்பவர் விடும் அறிவித்தல். அது கண்ணில் படாததற்கு முதற் காரணம், தேடும் இடம் பிழை. கூகுளில் பொதுவாகத் தேடினால் முதலில் வருபவை பட்டியல் தளங்கள். முடிந்துபோன அழைப்புகள் அவற்றில் நிறையக் கிடக்கும், சில தளங்கள் உள்ளே போகவே கட்டணம் கேட்கும். அவற்றை விட்டுவிட்டு நிதி கொடுப்பவரின் பக்கத்துக்கே போங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. தூதரகங்களும் ஐ.நா. அலுவலகங்களும் பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே இருக்கின்றன.

சிறிய அமைப்புகள் முதலில் பார்க்க வேண்டியவை இவை: அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியம், ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம். சுற்றாடல் வேலை என்றால் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் (யூ.என்.டி.பி.) ஊடாக நடக்கும் உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம், அது 1994 முதல் இலங்கையில் இருக்கிறது. பெண்கள் உரிமை சார்ந்த வேலைக்கு விமன்ஸ் ஃபண்ட் ஏசியா, சமூக நீதி சார்ந்த வேலைக்கு நீலன் திருச்செல்வம் நம்பிக்கை நிதியம். இவை இரண்டும் கொழும்பிலேயே உள்ளவை. யுனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகள் கூட்டாளர்களைத் தேடும் அழைப்புகளை ஐ.நா. கூட்டாளர் தளத்தில் போடுகின்றன, அங்கே பதிவு இலவசம். தூதரகங்கள் பல அழைப்புகளைத் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் அறிவிக்கும். அந்தப் பக்கங்களைப் பின்தொடர்ந்து, அறிவித்தல் வரும்படி அமைத்துவிடுங்கள்.

காலம் பிழை. ‘போன மாதம் மூடிவிட்டார்கள்’ என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறதென்றால் பழுது இதுதான். கொடுப்பவரின் நிதியாண்டைப் பாருங்கள். கனடா, ஜப்பான், பிரித்தானியா ஆகியவற்றின் அரச நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவுக்கு யூலை, அமெரிக்காவுக்கு ஒக்டோபர். போன வருட அழைப்பு எந்த மாதம் வந்தது என்று அவர்களுடைய பழைய பதிவுகளில் பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். அழைப்பு வந்த பிறகு கிடைக்கும் நாட்கள் கூட்டம் கூட்டவும் விலைக் கூற்று எடுக்கவுமே போய்விடும்.

கையில் உள்ள பட்டியல் பழையது. அமெரிக்க வெளிநாட்டு உதவி 2025 ஜனவரி 20இல் இடைநிறுத்தப்பட்டது. அதே வருடம் யூலை 1உடன் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்ட் தனி நிறுவனமாக இயங்குவது நின்றுபோனது. அதற்கு முன் யாரோ செய்து கொடுத்த பட்டியலை இன்னும் வைத்திருந்தால், அதில் அமெரிக்கப் பணத்தில் ஓடிய உப மானியங்களையும் (பெரிய அமைப்பு தனக்குக் கிடைத்த நிதியில் இருந்து சிறிய அமைப்புக்குக் கொடுப்பவை) சேர்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் வேலையை ஒரே பெயரில் மட்டும் தேடுகிறீர்கள். நான் அடிக்கடி காண்பது இதைத்தான். முன்பள்ளி நடத்தும் குழு ‘முன்பள்ளி மானியம்’ என்று மட்டும் தேடும், ஒன்றும் வராது. ஆனால் அந்த முன்பள்ளி இருப்பதால்தான் மட்டக்குளியில் ஒரு தாய் வேலைக்குப் போகிறாள். அப்படியானால் அது பெண்களின் பொருளாதாரப் பங்கேற்பு என்ற தலைப்பிலும் வரும். மதியம் ஒரு நேரச் சாப்பாடு கொடுத்தால் போசாக்கு. பேச்சுத் தாமதமுள்ள பிள்ளையையும் சேர்த்துக்கொண்டால் உள்வாங்கல் கல்வி. ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வேலையால் யாருக்கு என்ன நடக்கிறது என்று எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேடற்சொல் எடுங்கள். ஒரு எல்லை மட்டும் உண்டு. செய்யாத வேலையைச் செய்வதாக எழுத வேண்டாம். காலநிலைக்குப் பணம் வருகிறது என்பதற்காக மாலை வகுப்புக் குழு மரம் நடப் போனால், இரண்டு வேலையும் கெட்டுப்போகும்.

மேலே எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் உங்களைப் போலவே வேலை செய்யும் நான்கைந்து அமைப்புகளின் ஆண்டறிக்கையை எடுத்து, யார் நிதி கொடுத்தார்கள் என்ற பக்கத்தைப் பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் சந்தையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதில் சமூகப் பணிக்கான பகுதியை வாசித்தால், எந்தக் கம்பனி கல்விக்குக் கொடுக்கிறது, எது தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. தேடித் தருவதற்கு ஆள் பிடிக்க வேண்டாம்.

## அறிகுறி 2: அழைப்பு கிடைக்கிறது, தகுதிப் பகுதியிலேயே நின்றுவிடுகிறோம்

வாசித்த விதம். தகுதி நிபந்தனைகளில் ‘கட்டாயம்’ என்பதும் ‘விரும்பத்தக்கது’ என்பதும் வேறு வேறு. மூன்று வருட அனுபவம் விரும்பத்தக்கது என்று போட்டிருந்தால் இரண்டு வருடத்தோடும் விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் அழைப்பில் உள்ள மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கேள்வி கேட்க ஒரு கடைசித் திகதி இருக்கும், அதற்குள் கேட்க வேண்டும். கேட்டால் பிழையாக நினைப்பார்களோ என்று தயங்குகிறவர்கள் அதிகம். அப்படி யாரும் நினைப்பதில்லை.

கேட்கும் பொருளே பிழை. ஜப்பானின் அடிமட்ட மானியம் பொதுவாகக் கட்டடம், உபகரணம், கிணறு போன்றவற்றுக்குத்தான். சம்பளமும் அன்றாடச் செலவும் அதில் வராது. ஆசிரியைக்குச் சம்பளம் வேண்டும் என்றால் அந்தக் கதவில் நிற்பது வீண். அதே முன்பள்ளிக்குக் கூரை வேண்டும் என்றால் அதுதான் சரியான கதவு.

கணக்காய்வு இல்லை. சரி, இங்கேதான் பலர் மனம் தளர்கிறார்கள். போன வருடக் கணக்கையாவது இப்போதே கணக்காய்வுக்குக் கொடுத்து விடுங்கள். சிறிய அமைப்புக்கு நியாயமான கட்டணத்தில் செய்து தரும் கணக்காய்வாளர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். சிட்டைகளை மாத வாரியாகக் கட்டி, வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டுக் கொண்டு போனால் அவருடைய வேலையும் குறையும், கட்டணமும் குறையும். மூன்று வருடம் கேட்கும் அழைப்புக்கு இந்த வருடம் போக முடியாமல் இருக்கலாம், ஆனால் இன்று தொடங்காவிட்டால் மூன்று வருடம் கழித்தும் போக முடியாது.

பதிவு மட்டம் போதவில்லை. பிரதேச செயலகத்தில் மட்டும் பதிந்த அமைப்புக்கு வெளிநாட்டு நிதி கொடுக்கப் பலர் தயங்குவார்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். அதற்கு ஓடுவதற்கு முன் இன்னொரு வழியைப் பாருங்கள். ஏற்கெனவே தகுதியுள்ள பெரிய அமைப்பை முதன்மை விண்ணப்பதாரராக வைத்து, நீங்கள் இணை விண்ணப்பதாரராகப் போகலாம். அல்லது அவர்களுடைய நிதியில் இருந்து உப மானியம் பெறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய அழைப்புகள் பலவற்றில் மூன்றாந் தரப்புக்கு நிதி கொடுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கும். யாருக்கு அந்த நிதி கிடைத்தது என்று பார்த்து அவர்களிடம் போங்கள். சிறிய அமைப்புக்கு இது நல்ல பாதை என்பது என் அபிப்பிராயம். அவர்களோடு ஒரு வருடம் வேலை செய்தால் அறிக்கை எழுதுவது, கொள்முதல் செய்வது எல்லாம் பழகிவிடும்.

கடைசியாக, சட்ட வடிவத்தை மாற்றுவது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம், அதாவது உறுப்பினர்கள் தாங்கள் உறுதியளித்த தொகைக்கு மட்டும் பொறுப்பாகும் கம்பனி. பல நிதி வழங்குநர்கள் இந்த வடிவத்தை விரும்புகிறார்கள். ஆனால் ஆண்டுதோறும் கம்பனிப் பதிவாளருக்கு அறிக்கை, கம்பனிச் செயலாளர், கணக்காய்வு எனச் செலவு தொடர்ந்து வரும். ஒரே ஒரு அழைப்புக்காக இதைச் செய்ய வேண்டாம். அடுத்த ஐந்து வருடம் இதே வேலையில் இருப்போம் என்ற உறுதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். இந்த இடத்தில் சட்டத்தரணி அல்லது கம்பனிச் செயலாளர் தேவை. யாப்பின் நோக்கங்களை அவரையே எழுத விடாதீர்கள். உங்கள் வேலை அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவர் சட்ட மொழிக்கு மாற்றட்டும்.

## அறிகுறி 3: இணையத்தளத்தில் பதிவே முடியவில்லை

பெரும்பாலும் இது பெயர்ச் சிக்கல்தான். சான்றிதழில் உள்ள ஆங்கிலப் பெயர், வங்கிக் கணக்கின் பெயர், தளத்தில் நீங்கள் தட்டச்சு செய்த பெயர், மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ‘சங்கம்’ என்பதை ஒரு இடத்தில் தமிழ் ஒலியோடு ஆங்கில எழுத்திலும் இன்னொரு இடத்தில் மொழிபெயர்த்தும் எழுதியிருந்தால் அங்கேயே மாட்டும். விலாசமும் அப்படித்தான். சான்றிதழ் சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து வையுங்கள், பல இடங்களில் கேட்பார்கள்.

அமெரிக்க அரச நிதிக்கு அந்த அரசின் பதிவுத் தளமான சாம் (SAM.gov) தளத்தில் பதிய வேண்டும். அமைப்பை அடையாளம் காணப் பயன்பட்ட பழைய டன்ஸ் (DUNS) இலக்கம் 2022 ஏப்ரல் 4 முதல் செல்லாது, அதற்குப் பதில் யூ.இ.ஐ. (UEI) இலக்கத்தை அந்தத் தளமே தருகிறது. பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இது முழுக்க இலவசம். உங்கள் பதிவு காலாவதியாகிறது, புதுப்பிக்க இத்தனை டொலர் என்று மின்னஞ்சல் வந்தால் அது இடைத்தரகர், அழித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தளத்தில் அமைப்புக்கான அடையாள இலக்கமான பி.ஐ.சி. (PIC) எடுப்பதும் இலவசமே.

பெயர் எல்லாம் சரியாக இருந்தும் நின்றால், தளத்தின் உதவிப் பிரிவுக்கு, எங்கே நிற்கிறது என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுங்கள். கடைசி வாரத்தில் எழுதினால் பதில் வருவதற்குள் அழைப்பு மூடிவிடும்.

## அறிகுறி 4: விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறோம், முதற் சுற்றிலேயே போய்விடுகிறது

இதில் இரண்டு கிளை. எது உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

### 4அ: பதிலே வருவதில்லை

பதில் இல்லை என்றால் உங்கள் விண்ணப்பம் வாசிக்கப்படாமலே ஒதுக்கப்பட்டிருக்கலாம். அழைப்பை மீண்டும் எடுத்து, அனுப்பிய கோப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கடைசி நேரம் எந்த நாட்டு நேரம்? பிரசல்ஸ் நேரம் என்றால் நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். இணைப்புகள் எல்லாம் போனதா? கையொப்பமும் முத்திரையும் உண்டா? பக்க எல்லையைத் தாண்டினீர்களா? கேட்ட தொகை உச்சவரம்புக்குள் இருந்ததா? வரவு செலவுத் திட்டத்தில் கூட்டல் சரியா? இந்த ஒப்பீட்டை விண்ணப்பம் எழுதாத ஒருவரிடம் கொடுங்கள். எழுதியவரின் கண்ணுக்கு விடுபட்டது தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மரியாதையான மின்னஞ்சல் அனுப்பி நிலை என்ன என்று கேளுங்கள். தெரிவானவர்களை மட்டுமே தொடர்புகொள்வோம் என்று அழைப்பில் எழுதியிருந்தால் காத்திருக்க வேண்டாம், அடுத்ததுக்குப் போங்கள்.

### 4ஆ: ‘தெரிவுசெய்யப்படவில்லை’ என்று பதில் வருகிறது

வாசித்திருக்கிறார்கள். ஆக, பழுது எழுத்தில் அல்லது பொருத்தத்தில்.

முதலில் காரணம் கேளுங்கள். சிலர் புள்ளிகளையே அனுப்புவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டியில் மதிப்பீட்டு அட்டவணை முன்கூட்டியே இருக்கும். முதற் சுற்றில் கேட்கும் சுருக்கமான திட்டக் குறிப்புக்கு 50 புள்ளி, 30க்குக் குறைந்தால் அடுத்த சுற்று இல்லை. அந்த அட்டவணையை எடுத்து உங்கள் எழுத்துக்கு நீங்களே புள்ளி போடுங்கள். வேறொரு அமைப்பின் நண்பர் ஒருவரையும் போடச் சொல்லுங்கள். இருவருடைய புள்ளியும் எங்கே அதிகம் விலகுகிறதோ அந்தப் பகுதி உங்களுக்கு மட்டுமே விளங்கும்படி எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்தது பிரச்சினையை விவரித்த விதம். நான் வாசிக்கும் வரைவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்: ‘இலங்கையில் பெண்கள் பல சவால்களை எதிர்கொள்கிறார்கள். எனவே 500 பெண்களுக்கு விழிப்புணர்வு வழங்கப்படும்.’ இதை யாரும் எந்த ஊரிலிருந்தும் எழுதலாம். அதே குழுவோடு பேசினால் வேறு கதை வெளியே வரும். கிராண்ட்பாஸில் வீட்டிலிருந்து துணி தைக்கும் பெண்கள், உருப்படிக் கணக்கில் கூலி, இடையில் ஒரு தரகர், நூலும் மின்சாரமும் தங்கள் செலவு, ஊழியர் சேமலாப நிதி இல்லை. இதை எழுதுங்கள். எத்தனை வீடுகள் என்று நீங்களே போய் எண்ணிப் பார்த்து எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்தப் பிரிவின் குடும்ப விபரத்தைக் கேட்டு வாங்குங்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணை இன்னும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024இல் புதிய கணக்கெடுப்பு நடந்திருக்கிறது, புதிய எண் வெளிவந்திருந்தால் அதையே எடுங்கள்.

அப்புறம் மொழி. விண்ணப்பங்களை அநேகமாக ஆங்கிலத்தில்தான் கேட்கிறார்கள். ஆங்கிலம் ஓரளவே தெரிந்தவர் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதும்போது, தெரிந்த சொற்களுக்குள் விடயம் சுருங்கிவிடுகிறது. முதலில் தமிழில், குழுவில் எல்லோரும் இருந்து, பேசுவதுபோல எழுதுங்கள். ஒருவர் பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். கணினி மொழிபெயர்ப்பையும் பயன்படுத்தலாம், ஆனால் ஊர்ப் பெயர், எண், பதவிப் பெயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

வரவு செலவுத் திட்டத்தையும் செயற்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பயிற்சி பத்து நாள் என்று எழுதி மண்டபத்துக்கு ஆறு நாள் வாடகை போட்டிருந்தால் மதிப்பிடுகிறவர் உடனே காண்பார். போக்குவரத்துக்கு ஒரே தொகையாக ஒரு இலட்சம் என்று எழுதாமல், எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், எத்தனை தடவை என்று உடைத்து எழுதுங்கள். பெரிய பொருளுக்கு மூன்று விலைக் கூற்று எடுத்து வைத்திருங்கள்.

இவ்வளவும் செய்தும் அதே கொடையாளரிடம் தொடர்ந்து நிராகரிப்பு வந்தால் எழுத்தைத் திருத்துவதை நிறுத்துங்கள். அவர்கள் முன்பு யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். வட கிழக்கில் மட்டும் கொடுத்திருந்தால், அல்லது ஆராய்ச்சிக்கு மட்டும் கொடுத்திருந்தால், அது உங்களுக்கான இடம் இல்லை.

## அறிகுறி 5: வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், பிறகு சத்தமே இல்லை

திட்டம் பிடித்திருக்கிறது, அமைப்பின் மேல் நம்பிக்கை வரவில்லை. காரணம் பெரும்பாலும் நிர்வாகத்தில்.

செலவில்லாத சோதனை: தலைவர், பொருளாளர், திட்டத்தில் சம்பளம் வாங்குபவர், மூவரும் ஒரே குடும்பமா? காசோலையில் கையொப்பமிடும் இருவரும் கணவன் மனைவியா? சிறிய அமைப்புகள் இப்படித் தொடங்குவது இயல்புதான், ஒருவரும் வராதபோது வீட்டார்தான் தோள் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் பார்க்க வருபவருக்கு அது ஆபத்துக் குறி. அடுத்த பொதுக் கூட்டத்தில் வெளியாள் இருவரையாவது சபைக்குள் கொண்டுவாருங்கள், கையொப்பத்தைப் பிரியுங்கள்.

அடுத்து கூட்ட அறிக்கைகள். வருகைக் கையொப்பத்தோடு புத்தகத்தில் இருக்க வேண்டும். வருபவர் வரும் வாரத்தில் மொத்தமாக எழுதிய அறிக்கை, மையின் நிறத்திலேயே தெரிந்துவிடும். கொள்முதல், சில்லறைக் காசு, சிறுவர் பாதுகாப்பு, பாலியல் சுரண்டலைத் தடுத்தல் ஆகியவற்றுக்கு எழுத்தில் கொள்கை இருக்கிறதா என்று கேட்பார்கள். இணையத்தில் கிடைப்பதைப் பெயர் மாற்றி வைப்பதில் பயனில்லை. இரண்டு பக்கமாக இருந்தாலும், முறைப்பாடு வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று உங்கள் தொண்டருக்கே தெரிந்திருக்க வேண்டும். வருபவர்கள் தொண்டரிடம்தான் கேட்பார்கள்.

கணக்குப் புத்தகமே பிரச்சினை என்று சொன்னால், பட்டயக் கணக்காளர் ஒருவரைச் சில நாட்களுக்கு வைத்துக் கணக்கு முறையை அமைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

## அறிகுறி 6: மானியம் கிடைத்தது, கைக்கு வந்தது போதவில்லை

வங்கிக் கட்டணம். அனுப்பும் வங்கி, இடையில் உள்ள வங்கி, நம் வங்கி எல்லாம் கழிக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கட்டணம் யார் பொறுப்பு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பணம் பல நாளாக வரவில்லை என்றால் உங்கள் கிளையில் போய்க் கேளுங்கள். எதற்கான பணம் என்று கேட்டு நிறுத்தி வைத்திருக்கலாம். ஒப்பந்தப் பிரதியும் பதிவுச் சான்றிதழும் கொண்டு போங்கள்.

நாணய மாற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாவில் ஒப்பந்தம் எழுதியவர்களுக்குப் பொருள் வாங்கக் காசு போதவில்லை. அடுத்த வருடம் டொலர் 300க்குப் பக்கத்தில் இறங்கியபோது, 360ஐ வைத்துத் திட்டமிட்டவர்களுக்குத் துண்டு விழுந்தது. ஆகவே மாற்று வீதத்தைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். வீதம் இவ்வளவுக்கு மேல் மாறினால் வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

அலுவலகச் செலவைப் போடவில்லை. வாடகை, மின்சாரம், கணக்காளர் சம்பளம் ஆகியவற்றை எழுதக் கூச்சப்பட்டு விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் நேரடிச் செலவில் 7 சதவீதம் வரை மறைமுகச் செலவாக ஏற்கிறது. அழைப்பில் எவ்வளவு அனுமதி என்று பார்த்து, அதைக் கட்டாயம் கேளுங்கள்.

வரி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, அரச சார்பற்ற நிறுவனம் பெறும் மானியம், நன்கொடையில் 3 சதவீதம் வருமானமாகக் கொள்ளப்பட்டு அந்தப் பகுதிக்கு வரி வரும். மொத்தப் பணத்துக்கும் அல்ல, அதைப் பலர் பிழையாக விளங்கிப் பயப்படுகிறார்கள். மனிதாபிமான நிவாரணம் போன்ற சில வேலைகளுக்கு இந்த வரியைக் குறைக்கவோ நீக்கவோ உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் அமைப்பு இந்த வரையறைக்குள் வருகிறதா என்பதில் சந்தேகம் இருந்தால் வரி ஆலோசகரிடம் போங்கள். மானியம் வருவதற்கு முன் போனால் ஓர் ஆலோசனைக் கட்டணத்தோடு முடியும். வரித் திணைக்களத்தின் அறிவித்தல் வந்த பிறகு போனால் தண்டமும் சேரும்.

## அறிகுறி 7: ஒரு கொடையாளர் விலகினால் எல்லாமே நின்றுவிடுகிறது

2025இல் பல அமைப்புகள் இதை அனுபவித்தன. உடனடியாகச் செய்ய வேண்டியது, எந்த வேலை மூன்று மாதம் நின்றால் திரும்ப எழும்பாது என்று முடிவெடுப்பது. கையில் உள்ளதை அதற்கே ஒதுக்குங்கள். மற்றதைப் பயனாளிகளிடம் நேர்மையாகச் சொல்லி இடைநிறுத்துங்கள்.

பிறகு சிறிய ஊற்றுகள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்களிடம் பணமாகக் கேட்பதை விடப் பொருளாகக் கேட்டால் எளிதாகக் கிடைக்கும்: கொப்பி, அரிசி, மண்டபம், அச்சடிப்பு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் மாதாந்தம் ஒரு சிறு தொகை தர முன்வருவார்கள். ஆனால் அவர்களுக்கும் ரசீதும் படமும் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கையும் போக வேண்டும். தூதரகத்துக்கு எழுதும் அதே ஒழுங்கோடு அவர்களுக்கும் எழுதுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் அனுப்பவே வேண்டாம்.

## அறிகுறி 8: ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று ஒருவர் வந்திருக்கிறார்

முன்பணம் கேட்டால் நிறுத்துங்கள். உண்மையான நிதி வழங்குநர் விண்ணப்பக் கட்டணமோ விடுவிப்புக் கட்டணமோ கேட்பதில்லை. வட்ஸ்அப்பில் வரும் பெரிய தொகை மானியம், தனிப்பட்ட மின்னஞ்சலில் இருந்து வரும் தூதரகக் கடிதம் ஆகியவற்றை அந்த நிறுவனத்தின் பொதுத் தொலைபேசிக்கு எடுத்துச் சரிபாருங்கள்.

மானியத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடமும் போக வேண்டாம். அந்தச் சதவீதத்தை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் நேர்மையாகக் காட்ட முடியாது. கணக்காய்வில் அது உங்கள் தலையில் விழும்.

எழுத்தாளர் ஒருவரை வைப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. பெரிய அழைப்பு, தருக்கச் சட்டக அட்டவணை (நோக்கம், செயற்பாடு, விளைவு, அளவுகோல் ஆகியவற்றைக் காட்டும் லொக்ஃபிரேம்), பல பங்காளிகள் என்று வரும்போது அனுபவமுள்ளவர் தேவைதான். அப்போது நாளுக்கு இவ்வளவு அல்லது வேலைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் பேசுங்கள். அவர் எழுதிய இரண்டு முன்மொழிவுகளைப் பார்க்கக் கேளுங்கள். உங்கள் குழுவில் ஒருவர், முடிந்தால் இளையவர், அவரோடு ஒவ்வொரு அமர்விலும் உட்கார வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வேலை முடிந்ததும் திருத்தக்கூடிய கோப்புகளையும் வரவு செலவுக் கணக்கின் எக்செல் தாளையும் வாங்கிக்கொண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.